முப்பது நம்பர் ஆயில்

திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அந்தக் காலத்தில் ஏழு டாக்ஸிகள் நிற்கும். அவற்றில் ஆறு வண்டிகள் எதை ஊற்றினாலும் ஓடும் என்பது டிரைவர்களின் நம்பிக்கை. ஏழாவது வண்டி கோவர்த்தனனுடைய ஹில்மன். அது எதை ஊற்றினாலும் ஓடாது என்பதும் அவர்களுடைய நம்பிக்கைதான்.

கோவர்த்தனன் நாராயணவனத்தில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பத்துக்காரன். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சித்தூரில் ஒரு டாக்டர் விற்ற பழைய ஹில்மனை வாங்கிக்கொண்டு, மனைவி அம்சவேணியோடு திருப்பதிக்குக் குடிவந்திருந்தான். ஆந்திரா தனி ராஜ்யமாகி மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். எந்த ஊர் எந்த ராஜ்யத்தில் சேரவேண்டும் என்று தாலுகாவுக்குத் தாலுகா சண்டை நடந்துகொண்டிருந்தது. கோவர்த்தனனுக்கு அதில் அக்கறை இல்லை. அவன் கவலையெல்லாம் நாகபூஷணத்தின் மாரிஸ் காரைப் பற்றித்தான்.

நாகபூஷணம் அதே ஸ்டாண்டுக்காரன், தெலுங்கு பேசுகிறவன். காலையில் அவன் மாரிஸ் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். ஹில்மனைக் கிளப்ப நாலு பேர் தள்ளவேண்டும். அந்த நாலு பேரில் நாகபூஷணமும் ஒருவன் என்பதுதான் கோவர்த்தனனால் தாங்க முடியாத விஷயம். மாரிஸ் நன்றாக ஓடியதற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. அது புது வண்டி. ஆனால் கோவர்த்தனனிடம் இதைச் சொல்லிவிட முடியாது. அந்த ஆள் ஏதோ செய்கிறான், வெளியே சொல்லமாட்டேன் என்கிறான் என்றே அவன் நினைத்தான்.

ஹில்மன் விஷயத்தில் கோவர்த்தனனுக்கென்று சில கொள்கைகள் இருந்தன. ஆயில் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்குத் தெம்பு என்று ஐம்பது நம்பர் ஆயிலாகப் பார்த்து வாங்குவான். வெள்ளிக்கிழமையானால் அதில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் வேறு. டயரில் காற்றைக் குறைத்து வைத்தால் பக்தர்களுக்கு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பான். மலையிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வளைவுக்கு வளைவு உருட்டிக்கொண்டு வருவான். இத்தனை சாமர்த்தியத்துக்கும் பிறகு ஹில்மன் ஒரு காலன் பெட்ரோலுக்கு இருபது மைல் கொடுத்தால் அது அன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அம்சவேணி சித்தூர் மிஷன் பள்ளியில் மூன்றாம் பாரம் வரை படித்தவள். ஒரு நாள் டிக்கியைத் துடைக்கும்போது, ஜாக்கிக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு ஒரு புத்தகம் கிடைத்தது. காரோடு கம்பெனியில் கொடுத்த இங்கிலீஷ் புத்தகம். டாக்டர் அங்கங்கே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். மத்தியானங்களில் அவள் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். தெரியாத வார்த்தைகளைப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பத்து நாளில் அவளுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எதைச் செய்யக்கூடாது என்று கம்பெனிக்காரன் எழுதியிருந்தானோ, அதையெல்லாம் தன் புருஷன் வரிசையாகச் செய்துகொண்டிருந்தான்.

"மாமா, நம்ம வண்டிக்கு முப்பது நம்பர் ஆயில்தான் ஊத்தணுமாம். புஸ்தகத்துல போட்டுருக்குது."

"வண்டி ஓட்டறது நானா, புஸ்தகமா?"

"கெட்டி ஆயில் காலையில மேல ஏறி வர்றதுக்கே நேரமாவுதாம். அதுவரைக்கும் இன்ஜின் அதைக் கலக்கறதுலயே பாதி தெம்பு போயிடுதாம். அதான் பெட்ரோலை இப்படித் துன்னுது."

"நீ குழம்பு கலக்கறதைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கோவர்த்தனன் வெளியே போய்விட்டான். அன்று காலை ஹில்மனைத் தள்ள ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

அம்சவேணி கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், அவன் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, மோரை ஊற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்:

"குழாயாண்ட லட்சுமம்மாவைப் பார்த்தேன்."

"யாரு, நாகபூஷணம் பொண்டாட்டியா? இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. ஏதோ வாய் தவறி வந்திடுச்சி. உடனே யாருக்கும் சொல்லிடாதேன்னு கையைப் புடிச்சிக்கினா. உடு, நமக்கு இன்னாத்துக்கு அடுத்த ஊட்டு சமாசாரம்."

கோவர்த்தனன் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினான். இரண்டு தடவை கேட்டான். அவள் ஊறுகாயை எடுத்து வைத்தாள். மூன்றாம் தடவை அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டதும், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த ஆளு வண்டிக்கு ஐம்பது நம்பர் ஊத்தறதே இல்லையாம். முப்பதாம். ரெண்டாயிரம் மைலுக்கு ஒருக்கா பழசைச் சுத்தமா இறக்கிட்டுப் புதுசா ஊத்தறானாம். ஸ்டாண்டுல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வீட்டுல வச்சிதான் மாத்தறானாம்."

கோவர்த்தனன் மோர்ச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான். சாயங்காலம் ஒரு டின்னோடு வந்தான். டின்னின் மேலிருந்த நம்பரை ஆணியால் சுரண்டி எடுத்திருந்தான்.

"இன்னாத்துக்கு மாமா சுரண்டினே?"

"நாகபூஷணம் கண்ணுல பட்டா, அவன் ரகசியத்தை நான் திருடிட்டேன்னு சண்டைக்கு வருவான்" என்றான். அம்சவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

ஒரு வாரத்தில் ஹில்மன் காலையில் தானாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு லட்சுமம்மாவுக்கு வாய் தவறுவது வழக்கமாகிவிட்டது. நாகபூஷணம் திங்கட்கிழமை தவறாமல், வண்டி சூடாவதற்கு முன்னால் டயருக்குக் காற்று அளந்து பிடிக்கிறான் என்று ஒரு நாள் தெரியவந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டுகிறான் என்றும், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுகிறான் என்றும் அடுத்தடுத்துத் தெரியவந்தன. பாட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் விடுவதில்லை. மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த வாலைத் தண்ணீர் வாங்கி விடுகிறான். பிரேக்குக்கென்று தனி ஆயில், மூடி திறக்காத டின்னில் வைத்திருக்கிறான். வேறெதையும் அதில் ஒரு சொட்டு விடுவதில்லை.

மலையிறக்கத்தில் இன்ஜினை நிறுத்தும் பழக்கத்தை விட வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கு அம்சவேணி ஒரு நாள் முழுக்க யோசித்தாள்.

"நாகபூஷணம் ரெண்டாவது கியர்லயே இறங்கறானாம். வண்டியை இன்ஜினே புடிச்சிக்குமாம். பிரேக் சூடாவாதாம். உன்னைப் பார்த்துச் சிரிக்கறானாம் மாமா."

"சிரிக்கறானா?"

"லட்சுமம்மா அப்படித்தான் சொன்னா."

மறுநாளிலிருந்து ஹில்மன் இரண்டாவது கியரில் இறங்கியது.

கோவர்த்தனன் இப்போது ஸ்டாண்டில் சும்மா இருப்பதில்லை. நாகபூஷணம் எதைத் தொட்டாலும் கவனித்தான். ஒரு காலை நாகபூஷணம் வெற்றிலை எச்சில் துப்பக் குனிந்தபோது, சைலன்சரைச் சோதிக்கிறான் என்று நினைத்துத் தானும் தினம் குனிந்து பார்த்தான். இன்னொரு நாள் நாகபூஷணம் பானெட்டை மூன்று தட்டுத் தட்டினான். உள்ளே போயிருந்த ஓணானைத் துரத்துவதற்காக. அதிலிருந்து கோவர்த்தனனும் வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டை மூன்று தட்டுத் தட்டினான். இது மட்டும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அம்சவேணிக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

ஆறு மாதத்தில் ஹில்மன் காலனுக்கு இருபத்தெட்டு மைல் கொடுத்தது. நாகபூஷணத்தின் மாரிஸோ புதுசு என்ற பெயரை இழந்துகொண்டிருந்தது. வண்டியைப் பற்றி அவன் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அதற்குத் தேவையே இருந்ததில்லை. இப்போது மாரிஸ் புகை விட ஆரம்பித்தது. கோவர்த்தனன் நம்பர் சுரண்டிய டின்னைத் துண்டில் சுற்றி எடுத்துப் போவதை அவன் பார்த்தான். அன்று சாயங்காலம் தன் மனைவியை உண்மையாகவே குழாயடிக்கு அனுப்பினான்.

லட்சுமம்மா சாதுவான பெண். அம்சவேணியோடு அதுவரை நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. தன் பெயரில் ஆறு மாதமாக என்னென்னவோ நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. குடத்தை வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்க ஆயன, அதான் உங்க ஊட்டுக்காரரு, இன்ஜினுக்கு ஏதோ ரகசியமா ஊத்தறாராமே? எங்க ஊட்டுல கேட்டுக்கினு வரச் சொன்னாரு."

அம்சவேணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டு அவசரப்படுத்தினார்கள்.

"முப்பது நம்பர் ஆயில். வேற ஒண்ணுமில்லை" என்றாள்.

"பிரேக்கு, கீர்பாக்ஸு இதுக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும் அதான்" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் அந்தப் பேச்சையே மறந்துபோனாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, எல்லைத் தகராறைப் பற்றி மனு வாங்குவதற்கு ஒரு அதிகாரி சித்தூருக்கு வந்தார். நாராயணவனத்திலிருந்து இரண்டு கோஷ்டிகள் புறப்பட்டன. ஊர் மெட்ராஸோடு சேரவேண்டும் என்ற கோஷ்டிக்குக் கன்னையா தலைவர். ஆந்திராவிலேயே இருக்கவேண்டும் என்ற கோஷ்டிக்குத் தாமோதரன் தலைவர். கன்னையாவின் அக்காவைத்தான் தாமோதரன் கட்டியிருந்தார். மாமனும் மச்சானும் ஒரே பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்டாண்டுக்கு வந்ததும், சொந்த ஊர்க்காரன், தமிழ் பேசுகிறவன் என்று கன்னையா கோவர்த்தனனின் வண்டியைப் பிடித்தார். தெலுங்கு பேசுகிறவன் என்று தாமோதரன் நாகபூஷணத்தின் வண்டியில் ஏறினார். ஒவ்வொரு வண்டியிலும் மூன்று பேர்.

"பதினோரு மணிக்குள்ள யாரு முதல்ல போய் மனுவைக் கொடுக்கறாங்களோ, அவங்களைத்தான் அதிகாரி முதல்ல விசாரிப்பாராம்" என்றார் கன்னையா. "மச்சானை முந்தணும். அவ்ளோதான்."

கோவர்த்தனன் பானெட்டை மூன்று தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

சந்திரகிரி வரை மாரிஸ் முன்னால் போயிற்று. அதற்குப் பிறகு அது மெதுவாகிக்கொண்டே வந்தது. சந்திரகிரியைத் தாண்டிய ஏற்றத்தில் ஹில்மன் அதை முந்தியபோது கன்னையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினார். தாமோதரன் பார்க்காத மாதிரி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மைல் போனதும் கோவர்த்தனன் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் மாரிஸ் தெரியவில்லை.

"இன்னாத்துக்கு நிறுத்தறே?" என்றார் கன்னையா.

"பின்னால வரலையே."

"அதான் நல்லது. போ."

கோவர்த்தனனால் போக முடியவில்லை. ஆறு மாதமாக அந்த வண்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தான். அது கண்ணில் படவில்லை என்றால் எந்த கியரில் போவது என்றுகூடச் சந்தேகம் வந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, கன்னையா கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டியைத் திருப்பினான்.

பனப்பாக்கத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில் மாரிஸ் நின்றிருந்தது. நாலு சக்கரத்திலிருந்தும் புகை. ரப்பர் தீய்ந்த நாற்றம். தாமோதரனும் அவருடைய ஆட்களும் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். நாகபூஷணம் சக்கரத்தின் மேல் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்து உதறினான்.

கோவர்த்தனன் இறங்கிச் சுற்றிப் பார்த்தான். தள்ளிப் பார்த்தான். வண்டி அசையவில்லை.

"பிரேக் புடிச்சிக்கினு உடமாட்டேங்குது" என்றான். "நாலு நாளாவே வண்டி இழுத்திருக்குமே?"

"இழுத்தது. பெட்ரோலும் ஜாஸ்தியா குடிச்சுது" என்றான் நாகபூஷணம்.

"பிரேக்குல இன்னா ஊத்தினே?"

நாகபூஷணம் அவனை முறைத்துப் பார்த்தான். "நீ ஊத்தறதைத்தான்."

"நான் பிரேக் ஆயில் ஊத்தறேன். தனி டின்னு."

"ஒத்துய்யா, வேணாம், என்கிட்ட மறைக்காதே. எல்லாத்துக்கும் முப்பது நம்பர்தானே? உன் ரகசியம் எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

"என் ரகசியமா?" என்றான் கோவர்த்தனன். "முப்பது நம்பர் உன் ரகசியம். நீதானே ஊத்திக்கினு இருந்தே?"

"நானா? எங்க ஷாப்புக்காரன் எதைக் கொடுக்கறானோ அதை ஊத்துவேன். நம்பரெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?"

"திங்கட்கிழமை காத்து?"

"என்ன காத்து?"

"ரெண்டாவது கியர்ல மலை இறங்கறது?"

"நானா?"

கோவர்த்தனன் மாரிஸின் பானெட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "பானெட்டை மூணு தட்டுத் தட்டுவியே, அதாவது?"

"ஓணான் பூந்துக்கிச்சி" என்றான் நாகபூஷணம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னையா கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ கத்தினார். கோவர்த்தனன் காதில் அது விழவில்லை. "உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டான்.

"லட்சுமம்மா. அவளுக்கு உன் பொண்டாட்டி சொன்னாளாம். உனக்கு?"

"எனக்கு என் பொண்டாட்டி" என்றான் கோவர்த்தனன். "அவளுக்கு லட்சுமம்மா சொன்னாளாம்."

அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. மணி பத்தாகிவிட்டது. மாரிஸ் நகராது. தாமோதரன் அந்தஸ்தை விடாமல் ரோட்டோரத்தில் நின்று, வராத பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க" என்றான் கோவர்த்தனன்.

"இந்த வண்டியிலா? இவனோடா?" என்றார் தாமோதரன்.

"இவரை ஏத்தினா நான் இறங்கிடுவேன்" என்றார் கன்னையா.

"இறங்குங்க. இடம் தாராளமா இருக்கும்" என்றான் கோவர்த்தனன். கன்னையா இறங்கவில்லை.

நாகபூஷணம் தன் வண்டிக்குக் காவலாக நின்றுகொண்டான். மனுக்காரர்கள் ஆறு பேரும் கோவர்த்தனனுமாக ஏழு பேரோடு ஹில்மன் கிளம்பியது. பின் சீட்டில் நாலு பேர். கன்னையாவின் முழங்கால் தாமோதரனின் வயிற்றில் இடித்தது. ஐந்து மைல் தள்ளி ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் இரண்டு மனுக்களும் கீழே விழுந்து தாள்கள் கலந்துபோயின. பிரித்து எடுக்கும்போதுதான் கன்னையா ஒரு தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது எங்க அக்கா கையெழுத்து. உன் மனுவுல போட்டுருக்குது."

"என் பொண்டாட்டி என் மனுவுல போடாம யாரு மனுவுல போடுவா?" என்றார் தாமோதரன். சொல்லிவிட்டு, தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அது கன்னையாவின் மனு. நாலாவது வரியில் அதே கையெழுத்து இருந்தது.

பிறகு எல்லோரும் சேர்ந்து தாள்களைப் புரட்டினார்கள். பதினேழு பேர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரும் உண்டு. "இரண்டு பேரும் சொந்தக்காரங்க. கேட்டா இல்லைன்னு எப்படிச் சொல்றது" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்றேகால். கலெக்டர் கச்சேரி வாசலில் இருந்த குமாஸ்தா இரண்டு மனுக்களையும் வாங்கினார். ஊர்ப் பெயரைப் பார்த்தார். "ஒரே ஊருதானே" என்று சொல்லி, இரண்டையும் ஒரே நாடாவில் சேர்த்துக் கட்டி உள்ளே எடுத்துப் போனார். மாமனும் மச்சானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பசி எடுத்தது. எதிரே இருந்த ஹோட்டலில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அந்தப் பதினேழு பேரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது மாரிஸ் புளியமரத்தடியில் இல்லை. சந்திரகிரி கிட்டே அது தெரிந்தது. முன்னால் இரண்டு எருதுகள் இழுத்துக்கொண்டு போயின. சக்கரம் ஆறியதும் பிடிப்புக் கொஞ்சம் விட்டிருந்தது. அதற்குமேல் தானே ஓட்டிப்போக நாகபூஷணத்துக்குத் தைரியம் இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் இரண்டு டிரைவர்களும் அம்சவேணியின் முன்னால் வந்து நின்றார்கள். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"லட்சுமம்மா உன்கிட்ட இன்னா சொன்னா?" என்றான் கோவர்த்தனன்.

"ஒண்ணும் சொல்லலை" என்றாள் அம்சவேணி.

"எப்போ?"

"எப்பவுமே."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். டாக்டர் போட்ட பென்சில் கோடுகளையும், அதற்குப் பக்கத்தில் தான் தமிழில் எழுதி வைத்திருந்ததையும் காட்டினாள். ஆயில் நம்பர், காற்று, பிளக், வாலைத் தண்ணீர், இரண்டாவது கியர் எல்லாம் அதில் இருந்தன. கோவர்த்தனன் தாள்களை மெதுவாகத் திருப்பினான். அவனுக்குக் கோபமா, வெட்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆறு மாதமாக இன்னொருத்தன் வண்டிக்குப் பின்னால் குனிந்து குனிந்து பார்த்தது ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன். குழம்பு கலக்கறதைப் பாருன்னே."

கோவர்த்தனன் புத்தகத்தை மூடினான். நாகபூஷணம் முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, பிரேக்குல முப்பது நம்பர் ஊத்தினேன், வண்டி நடுரோட்டுல புடிச்சிக்கினு நின்னுடுச்சி. நாளைக்குக் காலையில ஒரு குடும்பத்தை மலைக்குக் கூட்டிப் போறதா இருந்தேன். குழந்தைங்க மூணு பேரு."

அம்சவேணியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. 'எல்லாத்துக்கும் அதான்' என்று சொன்ன நிமிஷம் இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வழிந்த குடம், பின்னால் நின்ற பெண்கள், அடக்க முடியாத சிரிப்பு. பிரேக் பிடித்துக்கொண்டது சாதாரண ரோட்டில். மலை வளைவில் பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் ஒரேயடியாகக் கெட்டுப்போய்ப் பிரேக் பிடிக்காமலே போயிருந்தால்? "தப்புத்தான் அண்ணா" என்றாள். "விளையாட்டா சொல்லிட்டேன். நான் சொன்னதை நீங்க ஊத்துவீங்கன்னு நினைக்கலை. இதை நானே சரி பண்ணித் தரேன்."

"நீயா?" என்றார்கள் இருவரும்.

"புஸ்தகத்துல போட்டுருக்குது."

மறுநாள் காலை மாரிஸ் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. என்ன ஆகியிருக்கிறது என்பதை அம்சவேணி முதலில் விளக்கினாள். இன்ஜின் ஆயில் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பிவிடும். உப்பிய ரப்பர் பின்னால் நகராது. அதனால் காலை எடுத்தாலும் பிரேக் விடாது, வண்டி பிரேக்கைப் போட்டுக்கொண்டே ஓடும், பெட்ரோலைக் குடிக்கும். கழற்றிப் பார்த்தபோது வாஷர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி பருத்திருந்தன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டவேண்டும், குழாய்களை ஸ்பிரிட்டால் கழுவிவிட்டுப் பிரேக் ஆயில் விடவேண்டும் என்றாள்.

ஸ்பிரிட் வாங்க நாகபூஷணம் போனான். மதுவிலக்கு இருந்த காலம். மருந்துக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பிரேக் கழுவ" என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை. கடைசியில் கடையைப் பூட்டிக்கொண்டு, பாட்டிலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு கூட வந்தார். ஸ்பிரிட் முழுவதும் பிரேக் குழாய்க்குள் போகிற வரையில் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.

அம்சவேணி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் படித்துச் சொன்னாள். இரண்டு ஆண்களும் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்தார்கள். லட்சுமம்மா பிரேக் மிதியில் காலை வைத்து, சொன்னபோது அழுத்தி, சொன்னபோது விட்டாள்; குழாயில் இருந்த காற்று குமிழி குமிழியாக வெளியே வந்தது. தன் பெயரில் என்னவெல்லாம் நடந்தது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. "நான் இவ்வளவு பேசினேனா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பில் மிதி இரண்டு தடவை தவறிப்போய் மறுபடி ஆரம்பிக்கவேண்டியிருந்தது.

மத்தியானம் மாரிஸ் தெருவில் போய்த் திரும்பி வந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. நாகபூஷணம் இறங்கி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை.

"அம்மா, இன்ஜினுக்கும் எது ஊத்தணும்னு நேரா சொல்லிடு" என்றான்.

"பிரேக்கு ரெண்டு வண்டிக்கும் ஒரே மாதிரி. இன்ஜின் அப்படியில்லை, உங்க வண்டி வேற கம்பெனி. அதோட புஸ்தகத்தைக் கொண்டாங்க, பார்த்துச் சொல்றேன்."

"அது எங்க ஊட்டுல எங்கேயோ கிடக்குது."

"தேடுங்க. இன்னொண்ணு, படிச்சிச் சொல்றதுக்கு எனக்கும் ஒண்ணு வேணும்." அவள் புருஷனைப் பார்த்தாள். "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கணும்."

கோவர்த்தனன் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தான். தப்புச் செய்தவள் அவள், கேட்கிறதும் அவளே. ஆனால் காலனுக்கு இருபத்தெட்டு மைலும் அவள்தான். நாகபூஷணம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. "கத்துக்கொடுத்துடுய்யா" என்றான். "இல்லைன்னா நான் கொடுக்கறேன். எனக்குப் புஸ்தகம் படிக்க ஆள் வேணும்."

"என் வண்டியில உனக்கென்னய்யா" என்றான் கோவர்த்தனன். அப்படிச் சொன்னதே சம்மதம் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுவர்ணமுகி ஆற்றங்கரைப் பக்கம் இருந்த காலி மைதானத்தில் அம்சவேணி ஹில்மனின் ஸ்டீரிங்கைப் பிடித்தாள். கோவர்த்தனன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பின் சீட்டில் நாகபூஷணம். லட்சுமம்மா மரத்தடியில் நின்று பார்த்தாள். வண்டி இரண்டு தடவை குதித்து நின்றது. மூன்றாம் தடவை நகர்ந்தது. "கிளட்சை விடு" என்று ஒருவனும் "விடாதே" என்று இன்னொருவனும் கத்தினார்கள். அவள் இரண்டு பேர் சொல்வதையும் கேட்காமல், இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.

ஒரு சுற்று வந்ததும் போதும் என்றான் கோவர்த்தனன். அம்சவேணி மரத்தடிக்குப் போய் வண்டியை நிறுத்தினாள். லட்சுமம்மாவுக்காகக் கதவைத் திறந்துவிட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க" என்றாள்.

இறங்கினார்கள். ஹில்மன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போயிற்று. டிரைவர்கள் இருவரும் வெயிலில் நின்று, அது திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள்.